ஹாஸ்கெல் வலை வழங்கி உருவாக்கச் சூழல்

ஹாஸ்கெல் வலை வழங்கி உருவாக்கச் சூழல் என்பது, ஹாஸ்கெல் என்னும் சார்பு நிரலாக்க மொழியில் வலை வழங்கி ஒன்றை எழுதித் தன் கணினியிலேயே ஓட்டிச் சோதிப்பதற்காக ஒரு நிரலாளர் அமைத்துக்கொள்ளும் மென்பொருள்களின் தொகுதியைக் குறிக்கும். நிரல்பெயர்ப்பி, பொதி மேலாண்மைக் கருவி, நிரலகங்கள், உரைத்திருத்தி, தரவுத்தளம் ஆகியன இதன் முதன்மைக் கூறுகள் ஆகும். வலையில் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் கணினி பயன்பாட்டுச் சூழல் எனப்படும். அதிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே நிரலாளரின் கணினியில் உள்ளது உள்ளக உருவாக்கச் சூழல் எனப்படுகிறது.

இத்தகைய சூழலின் தரத்தை அளக்கும் அடிப்படை அளவுகோல் மீளுருவாக்கத் தன்மை ஆகும். அதாவது, ஒரே மூலநிரலை வேறொரு கணினியில், வேறொரு நாளில் தொகுத்தாலும் அதே வழங்கி கிடைக்க வேண்டும். ஹாஸ்கெல் மொழியின் கருவிகள் இத்தன்மையை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

பின்னணி

கணிதத்தில் சார்பு என்பது ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வெளியீட்டைத் தருவது. நிரலைச் சார்புகளின் கோவையாக எழுதும் முறை சார்பு நிரலாக்கம் எனப்படும். லிஸ்ப், எம்.எல், எர்லாங், ஹாஸ்கெல் முதலியன இவ்வகை மொழிகள். இவற்றுள் ஹாஸ்கெல் தூய சார்பு மொழி என வகைப்படுத்தப்படுகிறது. கோப்பைப் படித்தல், வலையில் தரவை அனுப்புதல் போன்ற புறச்செயல்கள் இம்மொழியில் தனித் தரவினத்தால் குறிக்கப்பட்டு, தூய சார்புகளிலிருந்து பிரித்து வைக்கப்படுகின்றன.

1987இல் ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடைபெற்ற மாநாட்டை ஒட்டி, சார்பு நிரலாக்கத்திற்கான பொதுமொழி ஒன்றை வரையறுக்கும் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் முதல் வரையறை 1990இல் வெளியானது. அமெரிக்கத் தருக்கவியலாளர் ஹாஸ்கெல் புரூக்ஸ் கரி (1900–1982) என்பவரின் நினைவாக மொழிக்குப் பெயர் இடப்பட்டது. பின்னர் ஹாஸ்கெல் 98, ஹாஸ்கெல் 2010 ஆகிய வரையறைகள் வெளிவந்தன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஜிஎச்சி என்னும் கிளாஸ்கோ நிரல்பெயர்ப்பியே இன்று பெரும்பான்மையாகப் பயன்படும் கம்பைலர் ஆகும். இது கட்டற்ற மென்பொருள்.

ஹாஸ்கெலில் வலை வழங்கி எழுத இயலுமா என்பது தொடக்கத்தில் ஓர் ஆய்வு வினாவாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் சைமன் மார்லோ தாம் எழுதிய சோதனை வழங்கி ஒன்றை ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் இழை என்னும் எளிய அமைப்பிலேயே போதிய விரைவைப் பெறலாம் என்பதை அது காட்டியது. ஜிஎச்சி உருவாக்கும் இழைகள் இயங்குதளத்தின் இழைகளைவிட மிகச் சிறியவை. ஓர் இழை ஏறத்தாழ ஒரு கிலோபைட்டு அடுக்கு நினைவகத்துடன் தொடங்குகிறது. 2010இல் வெளியான ஜிஎச்சி 7.0 பதிப்பு, லினக்சின் ஈபோல் போன்ற வசதிகளைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒருசேரக் கவனிக்கும் ஆற்றலைப் பெற்றது. அக்காலப்பகுதியில் ஹேப்ஸ்டாக், ஸ்னாப், யெசோட் ஆகிய வலைச் சட்டகங்கள் தோன்றின. மைக்கேல் சினோய்மனும் கசு யமமோட்டோவும் வளர்த்தெடுத்த வார்ப் என்னும் வழங்கி நிரலகம் இன்று பல சட்டகங்களுக்கு அடித்தளமாக உள்ளது.

சூழலின் கூறுகள்

* நிரல்பெயர்ப்பி: மூலநிரலை இயங்குகோப்பாக மாற்றுவது. ஜிஎச்சியுடன் ஜிஎச்சிஐ என்னும் ஊடாட்ட முனையமும் கிடைக்கிறது.
* பொதி மேலாண்மைக் கருவி: தேவையான நிரலகங்களைப் பதிவிறக்கி, உரிய பதிப்புகளைத் தெரிந்து தொகுப்பது. கபால், ஸ்டாக் ஆகிய இரண்டும் இவ்வகையின.
* பொதிக் களஞ்சியம்: நிரலகங்கள் பதிவேற்றப்படும் பொது இடம். ஹாஸ்கெலுக்குரிய களஞ்சியம் ஹேக்கேஜ் எனப்படும்.
* மொழிச் சேவை: உரைத்திருத்தியில் எழுதும்போதே பிழைகளையும் தரவினங்களையும் காட்டுவது. ஹாஸ்கெல் மொழிச் சேவைக் கருவி 2020இல், அதற்கு முன்பிருந்த இரு திட்டங்களின் இணைப்பால் உருவானது.
* சி மொழி நிரலகங்கள்: பெரிய எண் கணக்கீட்டிற்கான ஜிஎம்பி, தரவுச் சுருக்கத்திற்கான இசட்லிப் போன்றவை. இவை ஹேக்கேஜிலிருந்து அன்றி, பொதுவாக இயங்குதளத்திலிருந்து பெறப்படுகின்றன.

பொதி முரண்பாடு

வலை வழங்கி ஒன்று தனியாக இயங்குவதில்லை. எச்.டி.டி.பி நெறிமுறை, உரைக் குறிமுறை, நேரக் கணக்கு, மறையீடு எனப் பல பணிகளுக்கு அது பிற பொதிகளை நாடுகிறது. அப்பொதிகள் மேலும் பல பொதிகளை நாடுகின்றன. சிறிய வழங்கிக்கும் பல பத்துப் பொதிகள் தேவைப்படுவது இயல்பு.

சிக்கல் எழும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வழங்கிக்குக் க, ச என்னும் இரு பொதிகள் தேவை எனக் கொள்வோம். இரண்டுமே ட என்னும் பொதியை நாடுகின்றன. ஆனால் க என்பது ட-வின் 1.1ஆம் பதிப்பையும், ச என்பது 1.2ஆம் பதிப்பையும் கேட்கின்றன. இரு பதிப்புகளிலும் உள்ள ஒரே பெயருடைய தரவினங்களை நிரல்பெயர்ப்பி வெவ்வேறு இனங்களாகவே கருதும். ஆகவே ஒன்றிலிருந்து பெற்ற மதிப்பை மற்றொன்றுக்குக் கொடுக்க முயன்றால் தொகுப்பு தடைப்படும்.

2000களின் பிற்பகுதியில் இது மேலும் கடுமையாக இருந்தது. அன்று ஒரு பயனர் நிறுவிய பொதிகள் யாவும் அவருடைய எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒரே பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஒரு பொதியின் ஒரு பதிப்புக்கு ஒரே ஒரு தொகுப்பு மட்டுமே அதில் இருக்க முடிந்தது. புதிய திட்டம் ஒன்றுக்காகப் பழைய பொதியை மீண்டும் தொகுத்தால், அதனை நம்பியிருந்த பிற பொதிகள் பழுதடைந்தன. நேற்று ஓடிய வழங்கி, வேறொரு திட்டத்திற்காகச் செய்த நிறுவலால் இன்று ஓடாமற் போனது. ஹாஸ்கெல் நிரலாளர்கள் இந்நிலையைக் கபால் நரகம் என அழைத்தனர். பலர் நிறுவிய பொதிகள் அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினர். புதிதாகக் கற்க வந்தவர்களோ மொழியைத் தொடுவதற்கு முன்பே நிறுவலில் சிக்கிக்கொண்டனர்.

தூய சார்புகளைப் போற்றும் மொழியின் கருவிகள் தூய்மையற்றவையாக இருந்தமையே இதன் அடிப்படைக் காரணம் எனலாம். ஒரு தொகுப்பின் விளைவு, திட்டத்தில் எழுதப்பட்டவற்றை மட்டுமன்றி, அக்கணினியில் அதற்கு முன் என்னென்ன நிறுவப்பட்டிருந்தன என்பதையும் பொறுத்திருந்தது.

தீர்வுகளின் வளர்ச்சி

* ஹாஸ்கெல் பிளாட்பார்ம் (2009): நிரல்பெயர்ப்பியையும் தெரிந்தெடுத்த நிரலகங்களையும் ஒரே நிறுவலாகத் தந்தது. தொடக்கநிலையினருக்கு உதவியது. எனினும் அதிலுள்ள பதிப்புகள் விரைவில் பழையனவாயின. இதன் பயன்பாடு பின்னர் கைவிடப்பட்டது.
* மணற்பெட்டிகள் (2013): கபால் கருவியின் 1.18ஆம் பதிப்பில் வந்தவை. ஒவ்வொரு திட்டத்திற்கும் தனிப் பதிவேட்டை அமைத்தன. திட்டங்கள் ஒன்றையொன்று கெடுப்பது நின்றது. ஆனால் ஒரே பொதியை ஒவ்வொரு திட்டத்திற்கும் மீண்டும் தொகுக்க நேர்ந்ததால் நேரமும் வட்டு இடமும் வீணாயின.
* ஸ்டாக்கேஜ், ஸ்டாக் (2015): ஒன்றோடொன்று பொருந்துவதாகச் சோதிக்கப்பட்ட பதிப்புகளின் பட்டியலை ஸ்டாக்கேஜ் திட்டம் வெளியிடுகிறது. 2015இல் வெளியான ஸ்டாக் கருவி, அப்பட்டியல்களுள் ஒன்றைத் திட்டத்தின் அடிப்படையாகக் கொள்கிறது. பட்டியலின் பெயரை எழுதினாலே நிரல்பெயர்ப்பியின் பதிப்பும் பொதிகளின் பதிப்புகளும் முடிவாகிவிடும்.
* நிக்ஸ் பாணித் தொகுப்பு (2016, 2019): எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் ஆய்வேடு, மென்பொருள் நிறுவலையே தூய சார்பாகக் கருதலாம் என்னும் கருத்தை விளக்கியது. நிக்ஸ் என்னும் பொதி மேலாண்மைக் கருவி இக்கருத்தின் வடிவம் ஆகும். கபால் இதைத் தழுவி, ஒவ்வொரு தொகுப்பின் எல்லா உள்ளீடுகளிலிருந்தும் கணக்கிட்ட ஹாஷ் எனப்படும் சுருக்கக் குறியீட்டை அத்தொகுப்பின் அடையாளமாக்கியது. உள்ளீடு மாறினால் அடையாளமும் மாறும். ஆகவே பழையது அழிக்கப்படாமல் புதியது அருகில் வைக்கப்படும். 2016இல் முன்னோட்டமாக வந்த இம்முறை, 2019இல் வெளியான கபால் 3.0 முதல் இயல்பான முறையாயிற்று.

இதன் பயனாக, கணினியில் எத்தனை திட்டங்கள் இருப்பினும் அவை ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் மாற்றம் மற்றொன்றைத் தொடுவதில்லை.

அமைக்கும் முறை

பின்வருவது கபால் கருவியைக் கொண்டு வார்ப் வழங்கி ஒன்றை அமைக்கும் பொதுவான வரிசை ஆகும்.

1. இயங்குதளத் தேவைகள்: லினக்சில் சி நிரல்பெயர்ப்பி, மேக், ஜிஎம்பி ஆகியவற்றின் உருவாக்கப் பொதிகளை நிறுவ வேண்டும். மேக்ஓஎஸ்சில் எக்ஸ்கோடின் கட்டளைக் கருவிகள் தேவை. விண்டோசில் எம்சிஸ்2 என்னும் துணைச்சூழல் தேவைப்படும். அடுத்த படியில் வரும் நிறுவியே அதை அமைத்துத்தரும்.

2. ஜிஎச்சி-அப் நிறுவுதல்: இது நிரல்பெயர்ப்பி, கபால், ஸ்டாக், மொழிச் சேவைக் கருவி ஆகியவற்றின் பல பதிப்புகளை அருகருகே வைத்து, வேண்டியதைத் தெரிந்தெடுக்க உதவுகிறது. பயனரின் வீட்டு அடைவிலேயே நிறுவப்படுவதால் லினக்சில் நிர்வாகி உரிமை வேண்டியதில்லை. மொழிச் சேவைக் கருவி குறிப்பிட்ட சில ஜிஎச்சி பதிப்புகளுடன் மட்டுமே இயங்கும். ஆகவே மிகப் புதிய பதிப்பைவிட, ஜிஎச்சி-அப் பரிந்துரைக்கும் பதிப்பே தொடக்கத்தில் ஏற்றது.

3. பட்டியலைப் புதுப்பித்தல்: கபாலின் அப்டேட் கட்டளை ஹேக்கேஜ் களஞ்சியத்தின் பொதிப் பட்டியலைப் பதிவிறக்குகிறது.

4. திட்ட அடைவை உருவாக்குதல்: புதிய அடைவில் கபாலின் இனிட் கட்டளையைக் கொடுத்தால், திட்டத்தின் பெயர், பதிப்பு, தேவைப்பொதிகள் ஆகியவற்றைக் கூறும் கபால் கோப்பு உருவாகும்.

5. தேவைப்பொதிகளை எழுதுதல்: எளிய வழங்கிக்கு அடிப்படை நிரலகத்துடன் வார்ப், டபிள்யூ.ஏ.ஐ, எச்.டி.டி.பி-டைப்ஸ் ஆகிய மூன்று பொதிகள் போதும். டபிள்யூ.ஏ.ஐ என்பது வழங்கிக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான பொது இடைமுகம். ஒவ்வொரு பொதிக்கும் ஏற்கத்தக்க பதிப்பு எல்லையைக் குறிப்பிடுவது நன்று. ஹாஸ்கெல் பொதிகளின் பதிப்பெண் மரபில் முதல் இரு எண்கள் சேர்ந்தே பெரும் பதிப்பைக் குறிக்கும். அவை மாறினால், பழைய நிரலுடன் பொருந்தாத மாற்றம் இருக்கலாம் என்பது பொருள்.

6. நிரலை எழுதுதல்: டபிள்யூ.ஏ.ஐ முறையில் பயன்பாடு என்பது ஒரு சார்பு ஆகும். அது கோரிக்கையையும், மறுமொழியை அனுப்பும் வழியையும் உள்ளீடாகப் பெறுகிறது. நிலைக்குறி 200, தலைப்புகள், உள்ளடக்கம் ஆகியவற்றைக் கொண்ட மறுமொழியைக் கட்டி அவ்வழியில் அனுப்புவதே அதன் பணி. வார்ப் நிரலகத்தின் ரன் சார்புக்குத் துறை எண்ணையும் இப்பயன்பாட்டையும் கொடுத்தால் வழங்கி இயங்கத் தொடங்கும்.

7. தொகுத்து ஓட்டுதல்: கபாலின் ரன் கட்டளை, தேவைப்பொதிகளைத் தொகுத்த பின் வழங்கியை ஓட்டும். முதல் தொகுப்புக்கு நெடுநேரம் ஆகலாம். அதன்பின் மாற்றப்பட்ட கோப்புகள் மட்டுமே மீண்டும் தொகுக்கப்படும். தேவைப்பொதிகள் ஒருமுறை சேமிப்பகத்தில் சேர்ந்துவிட்டால் இணைய இணைப்பு இன்றியும் பணியைத் தொடரலாம்.

8. உறைவித்தல்: கபாலின் ஃபிரீஸ் கட்டளை, தெரிந்தெடுக்கப்பட்ட எல்லாப் பதிப்புகளையும் ஒரு கோப்பில் பதிவு செய்கிறது. திட்டக் கோப்பில் நிரல்பெயர்ப்பியின் பதிப்பையும், ஹேக்கேஜ் பட்டியலின் நாள், நேரத்தையும் எழுதிவைக்கலாம். ஹேக்கேஜில் ஏற்றிய மூலநிரல் மாற்றப்படுவதில்லை எனினும், பதிப்பு எல்லை போன்ற விவரங்கள் பின்னர் திருத்தப்படலாம். ஆகவே நாள், நேரத்தைக் குறிப்பதும் தேவையாகிறது. இக்கோப்புகளை மூலநிரலுடன் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.

தரவுத்தளம் தேவைப்படும் பயிற்சித் திட்டங்களுக்கு எஸ்கியூலைட் எளியது. அதற்குத் தனி வழங்கி வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் அதன் சி மொழி நிரலகத்தின் உருவாக்கப் பொதியை இயங்குதளத்தில் முன்பே நிறுவியிருக்க வேண்டும். அது இல்லாத நிலையில் எழும் பிழைச்செய்தி ஹாஸ்கெல் பொதியின் பெயரில் வருவதால், புதியவர்கள் காரணத்தை வேறிடத்தில் தேடுவதுண்டு.

முகவரியும் துறை எண்ணும்

127.0.0.1 என்பது கணினி தன்னையே குறிக்கும் உள்ளக முகவரி. இம்முகவரியில் மட்டும் செவிமடுக்கும் வழங்கியைப் பிற கணினிகள் அணுக முடியாது. வார்ப் நிரலகத்தின் ரன் சார்பு, இயல்பாகக் கணினியின் எல்லா முகவரிகளிலும் செவிமடுக்கும் என்பது கவனிக்கத்தக்கது. கல்லூரி ஆய்வகம், பொது வைஃபை போன்ற பகிரப்பட்ட வலையமைப்பில், தீயரண் தடுக்காவிடில், அரைகுறையாக எழுதப்பட்ட வழங்கியைப் பிறரும் அடைய இயலும். வழங்கியின் அமைப்புகளில் முகவரியை 127.0.0.1 எனக் குறிப்பிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

போர்ட் எனப்படும் துறை எண்ணாக 3000 பரவலாகப் பயன்படுகிறது. லினக்சு உள்ளிட்ட யுனிக்சு வழி இயங்குதளங்களில் 1024க்குக் குறைவான எண்களுக்கு மரபாக நிர்வாகி உரிமை தேவை. ஆகவே 80ஆம் துறையை உருவாக்கச் சூழலில் பயன்படுத்துவதில்லை. முன்பு ஓட்டிய வழங்கி இன்னும் நிற்காதிருந்தால், முகவரி பயன்பாட்டில் உள்ளது என்னும் பிழை தோன்றும்.

திருத்தி ஓட்டும் சுழற்சி

ஜிஎச்சி உகப்பாக்கத்துடன் தொகுக்கும்போது மெதுவாக இயங்குகிறது. எனவே உருவாக்கத்தின்போது உகப்பாக்கத்தை நிறுத்திவைப்பது வழக்கம். ஜிஎச்சிஐ முனையத்தில் மூலநிரலை ஏற்றினால், மாற்றிய கூறுகள் மட்டும் சில நொடிகளில் மீண்டும் ஏற்றப்படும். ஜிஎச்சிஐடி என்னும் சிறு கருவி, கோப்பைச் சேமித்தவுடன் பிழைகளைத் தானே காட்டுகிறது. யெசோட் சட்டகம், மாற்றங்களைக் கவனித்து வழங்கியை மீண்டும் தொடங்கும் தனிக் கட்டளையைக் கொண்டுள்ளது.

தமிழ் எழுத்துகளைக் கையாளுதல்

தமிழ்ப் பக்கங்களை வழங்கும் நிரல்களில், உருவாக்கச் சூழலில் மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் பிழைகள் சில உள்ளன.

ஹாஸ்கெலில் ஓர் எழுத்துரு என்பது ஓர் ஒருங்குறிக் குறியெண் ஆகும். தமிழ் என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் இருப்பினும், அது ஐந்து குறியெண்களால் ஆனது. யு.டி.எஃப்-8 குறிமுறையில் இச்சொல் 15 பைட்டுகள் கொள்ளும். எச்.டி.டி.பி மறுமொழியின் நீளம் பைட்டுகளிலேயே கணக்கிடப்பட வேண்டும்.

பைட்டுத்தொடர் தரவினத்தில் தமிழ்ச் சொல்லை நேரடியாக எழுதினால், ஒவ்வொரு குறியெண்ணின் கடைசி எட்டு இருமங்கள் மட்டுமே எஞ்சும். நிரல்பெயர்ப்பி பிழை கூறாது. உலாவியில் மட்டும் பொருளற்ற குறிகள் தோன்றும். உரைத் தரவினத்தில் எழுதி, யு.டி.எஃப்-8 ஆக மாற்றிய பின்னரே அனுப்புதல் சரியான முறை. மறுமொழித் தலைப்பிலும் இக்குறிமுறையைக் குறிப்பிட வேண்டும்.

ஷோ சார்பு தமிழ் எழுத்துகளை எண்களாக மாற்றிக் காட்டும். அதனால் தமிழ் என்பது முனையத்தில் \2980\2990\3007\2996\3021 எனத் தோன்றலாம். இது தரவு கெட்டதன் அடையாளம் அன்று.

கோப்புகளைப் படிக்கும்போது பயன்படும் குறிமுறை, இயங்குதளத்தின் மொழிச்சூழல் அமைப்பைப் பொறுத்தது. நிரலாளரின் மடிக்கணினியில் அது யு.டி.எஃப்-8 ஆக இருக்கும். சிறிய கொள்கலன் ஒன்றில் அவ்வமைப்பு இல்லாமற் போனால், தமிழ்க் கோப்பைப் படிக்கும் இடத்திலேயே வழங்கி நின்றுவிடக்கூடும். நிரலின் தொடக்கத்திலேயே குறிமுறையை வெளிப்படையாக அமைப்பது இதற்குத் தீர்வாகும். மொழிச்சூழலும் ஓர் உள்ளீடே என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பயன்பாட்டுச் சூழலுடன் ஒப்பீடு

பயன்பாட்டுச் சூழலுக்கு உகப்பாக்கத்துடன் தொகுத்த இயங்குகோப்பே அனுப்பப்படுகிறது. அங்கு நிரல்பெயர்ப்பி தேவையில்லை. பல மையச்செயலிகளைப் பயன்படுத்த, பல்லிழை இயக்கத்திற்கான தெரிவுடன் இணைத்திருக்க வேண்டும். லினக்சில் புதிய இயங்குதளத்தில் தொகுத்த இயங்குகோப்பு, பழைய ஜிலிப்சி நிரலகம் உள்ள கணினியில் ஓடாமற் போகலாம். இதைத் தவிர்க்க, அதே இயங்குதளப் பதிப்பைக் கொண்ட டாக்கர் கொள்கலனில் தொகுப்பதும், மசில் நிரலகத்துடன் முழுமையாக இணைத்துத் தொகுப்பதும் கையாளப்படும் வழிகள். தரவுத்தளக் கடவுச்சொல் போன்றவை இரு சூழல்களிலும் வேறுபடும். ஆகையால் அவற்றை மூலநிரலில் எழுதாமல் சூழல் மாறிகள் வழியாகக் கொடுப்பது மரபு.

குறைகள்

ஜிஎச்சியின் ஒரு பதிப்பே வட்டில் ஒரு ஜிகாபைட்டுக்கும் மேல் இடம் பிடிக்கும். பெரிய பொதிகளைத் தொகுக்கையில் நினைவகத் தேவை மிகும். நினைவகம் குறைந்த கணினிகளில், ஒரே நேரத்தில் தொகுக்கும் பணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது உதவும். கபால், ஸ்டாக் என இரு கருவிகள் இருப்பது எதைத் தெரிவது என்னும் குழப்பத்தைப் புதியவர்களிடம் ஏற்படுத்துகிறது. இரண்டும் ஒரே கபால் கோப்பு வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது கடினமன்று.

உறைவித்த கோப்பு ஹாஸ்கெல் பொதிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சி மொழி நிரலகங்களும் இயங்குதளமும் அதற்கு வெளியே நிற்கின்றன. அவற்றையும் உள்ளடக்க விரும்புவோர் நிக்ஸ் கருவியை நாடுகின்றனர். அதன் தனி மொழியைக் கற்க வேண்டியிருப்பது அதற்குத் தரும் விலையாகும்.

இவற்றையும் பார்க்க

* சார்பு நிரலாக்கம்
* ஹாஸ்கெல் நிரலாக்க மொழி
* எர்லாங் நிரலாக்க மொழி
* வலை வழங்கி
* நிரல்பெயர்ப்பி
* ஒருங்குறி
* கட்டற்ற மென்பொருள்